நாலு பேர் முன்னால் கேட்டால் திருந்திவிடுவானா?

வியாசர்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 மார்ச் 9

என் தம்பிக்கு முப்பத்தொரு வயது. குடியை விடுவதற்காக மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து ஐந்து வாரம் ஆகிறது. கவுன்சிலிங் போகிறான். அங்கே "உன்னை நீயே மன்னிக்கப் பழகு" என்கிறார்களாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. வெட்கம், மானம் இருக்கிறவன்தான் திருந்துவான். ஜூன் மாதம் தங்கை கல்யாணம். அதற்கு முன்னால் பெரியவர்களை உட்காரவைத்து, உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு 11.10

செய்யாதீர்கள் தம்பி.

நான் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்க்கிறவன். பதினெட்டு வருடம் குடித்தேன். 2017 ஜூலையிலிருந்து குடிக்கவில்லை. என்னை நாலு பேர் முன்னால் மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். முதல் முறை மாமனார் வீட்டுக் கூடத்தில். இரண்டாவது முறை தொழில் செய்கிற இடத்தில், ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில். மூன்றாவது முறை எங்கள் தெருவிலேயே, தண்ணீர் லாரி வந்து நின்ற நேரத்தில். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டது அத்தனையும் நியாயம். மூன்று முறையும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மூன்று முறையும் அன்று இரவே குடித்தேன்.

உறைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அத்தனை உறைத்தது. அந்த எரிச்சலைத் தணிக்க எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்.

மார்ச் 10, காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் நிறுத்திவிட்டேன். மீதியைச் சொல்கிறேன்.

2014இல் என்னைச் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தார்கள். பெயர் வேண்டாம். போன அன்றே மொட்டை. வாரத்தில் ஒரு நாள், குடும்பத்தார் பார்க்க வருகிற நேரத்தில், கழுத்தில் சிலேட்டை மாட்டி வரிசையாக நிற்கவைப்பார்கள். சிலேட்டில் நாங்களே எழுதவேண்டும்: "நான் என் பிள்ளையின் சோற்றைக் குடித்தவன்." என் மகளுக்கு அப்போது பத்து வயது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதைத் தாண்டிவிட்டாள். படித்தாள்.

அங்கிருந்து வந்த பதினோராவது நாள் குடித்தேன். அதுவரை குடித்ததெல்லாம் ஒரு கணக்கு, அதற்குப் பிறகு குடித்தது வேறு கணக்கு.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநோயையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. கட்டாய மொட்டை கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் தம்பி இருந்துவிட்டு வந்த இல்லத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். குற்றம் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குடிப்பவரிடம் ஆலோசகர் எவ்வளவுக்கு எதிர்த்து மோதிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அந்த நபர் ஒரு வருடம் கழித்துக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். பயிற்சி பெற்றவர் மூடிய அறையில் கடிந்து பேசினாலே அந்தப் பலன். கல்யாண வீட்டில் பெரியப்பா பேசினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

மார்ச் 10, மாலை

அவன் மறுபடி குடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே நான்கு நாள் வெளியே விடாமல் வைத்திருங்கள், தெளிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

மார்ச் 12

மேலே மார்ச் 10 மாலை எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன், திருத்தத்தைச் சேர்த்துப் படியுங்கள்.

என் மகள் இப்போது செவிலியர் படிப்பில் கடைசி வருடம். நான் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். அதை மருத்துவமாக எழுதாதீர்கள்."

நாள் தவறாமல் நிறையக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு முடியாது. முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். இதற்கு மருத்துவமனையில் மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 ஊசி போடுகிறார்கள். கதவைப் பூட்டி வைப்பது சிகிச்சை இல்லை.

இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னாள். "சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அவருக்கே தெரியாது" என்று ஒரு மருந்து வரும். டைசல்ஃபிரம் வகை மாத்திரைதான் பெரும்பாலும். அதைத் தின்றவர் குடித்தால் உடலில் அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, சில சமயம் இதயமே நின்றுபோகும். மருத்துவர் சொல்லி, அவரே தெரிந்து ஒப்புக்கொண்டு சாப்பிட வேண்டிய மாத்திரை அது. சோற்றில் கலக்காதீர்கள்.

மார்ச் 23

ஞாயிறு. நேரம் இருக்கிறது, கவுன்சிலிங்கில் என்னதான் செய்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

2017இல் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். பழைய ஜெயில் ரோடு எனக்குத் தினமும் போய்வருகிற பாதை. ஓ.பி. சீட்டு வரிசையில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன். உள்ளே நல்ல புழுக்கம், கண்ணாடி மூச்சில் பனித்துவிட்டது, முன்னால் நிற்கிறவர் முதுகுகூடத் தெரியவில்லை. சீட்டு எழுதுகிற அம்மா நிமிர்ந்து பார்த்து, "கழற்றுங்கள் ஐயா, இங்கே யாரும் உங்களை இடிக்க மாட்டார்கள்" என்றார். கழற்றினேன். எனக்கு இரண்டு பேர் பின்னால் எங்கள் தெரு அயர்ன் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் தன் மகனுக்காக வந்திருந்தார். இருவரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து என் சட்டைகளுக்குக் கஞ்சி மொடமொடப்பு கொஞ்சம் கூடுதல்.

மூன்றாவது சந்திப்பில் ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளை நடுவில் மடித்துக் கொடுத்தார். இடப்பக்கம் "என்ன செய்தேன்." வலப்பக்கம் "நான் எப்படிப்பட்டவன்." வலப்பக்கம் ஐந்து நிமிடத்தில் நிறைந்துவிட்டது. தறுதலை, துரோகி, நன்றி கெட்டவன், பிணம், உருப்படாதவன். எழுத எழுத ஒருவிதமான ருசிகூட இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இடப்பக்கம் காலியாகக் கிடந்தது. அவர் காத்திருந்தார். கடைசியில் ஒரு வரி எழுதினேன்: "2016 ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணக் கவரை அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்தேன். 4,200 ரூபாய்."

அவர் வலப்பக்கத்தைக் காட்டி, "இதில் இருக்கிற எதையாவது நாளைக் காலையில் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியாது. இடப்பக்கத்தைக் காட்டினார். அதைச் செய்யலாம். வாரம் 300 ரூபாயாகப் பதினான்கு வாரம் அதே அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். அவள் முதல் வாரம் எடுக்கவில்லை. இரண்டாவது வாரமும் எடுக்கவில்லை. பதினான்காவது வாரம் மொத்தமாக எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியாக இருக்கிறது" என்றாள்.

தம்பி, உங்கள் தம்பியிடம் "மன்னிக்கப் பழகு" என்று சொன்னதன் பொருள் இதுதான் என்று நினைக்கிறேன். செய்ததைத் துடைத்துப் போடச் சொல்லவில்லை. செய்தது தப்பு என்பதற்கும், நானே தப்பு என்பதற்கும் நடுவில் அந்த மடிப்பு இருக்கிறதே, அதைப் போட்டுக் கொடுக்கிறார்கள். முன்னது குற்றவுணர்வு, அதற்குக் கை கால் உண்டு, எழுந்துபோய் எதையாவது செய்யும். பின்னது அவமானம். அது மூலையில் உட்கார்ந்துகொண்டு பாட்டில் கேட்கும்.

ஏப்ரல் 6

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். இரண்டு பெட்டியாகப் பிரித்து ரொம்பச் சுலபமாக்கிவிட்டேன். நிஜத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் வரும். கவர் எடுத்த அன்று எனக்கு வந்தது எது என்று இப்போது கேட்டாலும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

நம் பேச்சில் அவமானம் எல்லாமே தலையிலும் முகத்திலும்தான் இருக்கிறது. தலைகுனிவு. முகத்தில் விழிக்க முடியவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன். இதைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஓர் ஆய்வைச் சொன்னாள். கனடாவின் வான்கூவரில் ராண்டில்ஸ், டிரேசி என்ற இருவர் 2013இல் வெளியிட்டது. குடியை நிறுத்தி ஆறு மாதம் ஆகாதவர்களிடம், கடைசியாகக் குடித்து வருந்திய சம்பவத்தைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தார்கள். வாயால் என்ன சொன்னார்கள் என்பதைவிட, சொல்லும்போது தோள் எவ்வளவு சரிந்தது, நெஞ்சு எவ்வளவு ஒடுங்கியது என்பதைப் பார்த்தார்கள். உடம்பு அதிகம் குறுகியவர்கள்தான் அடுத்த சில மாதங்களில் மறுபடி குடிக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களாக இருந்தார்கள். குடித்த அளவும் அவர்களிடம்தான் அதிகம்.

அதைக் கேட்டதிலிருந்து ஏ.ஏ. கூட்டத்தில், அதாவது குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில், புதிதாக வருகிறவர்களின் தோளைத்தான் பார்க்கிறேன். ராயபுரம் பக்கம் நாங்கள் கூடுகிற அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் நாள் வருகிறவர் நாற்காலியின் நுனியில், ஓடுவதற்குத் தயாராக உட்காருவார். "நான் ஒரு குடிநோயாளி" என்று முதல் தடவை சொல்லும்போது கழுத்து உள்ளே போய்விடும். அதே மாதிரி ஒரு வாக்கியம்தான் என் கழுத்தில் சிலேட்டாகத் தொங்கியது என்று ஒரு நாள் யோசித்தேன். அங்கே எழுதவைத்தார்கள், நிற்கவைத்தார்கள், குடிக்காதவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இங்கே நானாகச் சொல்கிறேன், கேட்கிற பதினைந்து பேரும் அதையே சொன்னவர்கள். சொல்லி முடித்ததும் யாரும் திருத்த வருவதில்லை, அடுத்தவர் பேசத் தொடங்குகிறார்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது இது. ஒரு மருத்துவர், ஒரு பங்குச் சந்தைக்காரர். படகு மெக்கானிக்குக்கும் அது பொருந்துகிறது.

ஏப்ரல் 6, பிற்பாடு

"கீழ்ப்பாக்கம் அனுப்பிவிடுவேன்" என்று தம்பியை மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அயனாவரம் பக்கம் இருக்கிற அந்த மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேலாக மனிதர்களைப் பார்த்து அனுப்புகிற இடத்தை நாம் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பிறகு அங்கே யார் போவார்? 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பில் இருக்கிறது: குடிக்கு அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறவர் 38 பேரில் ஒருவர்தான். மீதி 37 பேர் ஹெல்மெட்டைக் கழற்றாதவர்கள்.

ஏப்ரல் 15

இன்று தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்பிடிக்கிறவர்களுக்குக் கை வறண்ட காலம், எனக்கு அறுவடை. எல்லாப் படகும் எஞ்சினைப் பிரித்துப் போடுவது இப்போதுதான். காலையிலிருந்து இரவு வரை டீசல், கிரீஸ், கையில் ரொக்கம். குடித்த காலத்தில் நான் அதிகம் குடித்ததும் இந்த 61 நாளில்தான். எழுத நேரம் இருக்காது.

ஒன்று மட்டும். உங்கள் தம்பியிடம் இப்போதே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மிரட்டாமல்: குடித்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் யாருக்குப் போன் செய்வான். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சொன்ன விஷயம் இது. வழுக்கியவனை முழுக்க விழவைப்பது குடித்த அந்த ஒரு கிளாஸ் மட்டும் இல்லை. "போச்சு, நான் அவ்வளவுதான், இனிமேல் எதற்கு நிறுத்தவேண்டும்" என்று அதற்குப் பிறகு வருகிற நினைப்புதான். அதற்கு முன்னால் போன் அடித்துவிட வேண்டும். யாரும் இல்லையென்றால் 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண். இரண்டும் அரசு எண்கள்.

மே 19

சனிக்கிழமை இரவு குடித்தேன்.

எஞ்சின் வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தோம், முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது. உரிமையாளருக்குச் சந்தோஷம். கூலிக்கு மேல் ஒரு நோட்டுக் கற்றை, கூட ஒரு பை. பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "வேண்டாம், நான் குடிப்பதில்லை" என்று ஏழு வருடம் பத்து மாதமாகச் சொல்லி வந்த வாய், அன்று "சரிங்க" என்றது. ஏன் என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சோர்வு, மதியம் சாப்பிடவில்லை, பையைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சம். படகு ஏற்றி வைத்திருந்த இடத்தின் பின்னால் உட்கார்ந்து இரண்டு குவார்ட்டர்.

காலை ஐந்தரைக்கு என் ஸ்பான்சருக்கு, ஏ.ஏ.வில் எனக்கு வழிகாட்டுகிற மூத்தவருக்கு, போன் செய்தேன். முதல் ஒரு மணி நேரம் என்று உங்களுக்கு எழுதினேனே, எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. அவர் ஆறே காலுக்கு டிவிஎஸ் ஐம்பதில் வந்து நின்றார். ஏன் குடித்தாய் என்று கேட்கவில்லை. "பையில் மீதி இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. ஊற்றிவிட்டு டீ குடித்தோம். அன்று மாலை கூட்டத்தில் சொன்னேன். கழுத்து உள்ளே போனது, எனக்கே தெரிந்தது. நிமிர்த்திக்கொண்டு மறுபடி சொன்னேன்.

இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று நேற்று முழுவதும் நினைத்தேன். மேலே அவ்வளவு எழுதியவன் எந்த முகத்தை வைத்துக்கொண்டு எழுதுவது. பிறகுதான் பட்டது, வலப்பக்கம் எழுத ஆரம்பித்துவிட்டேன் என்று. இடப்பக்கம்: மே 17 இரவு 9.30, இரண்டு குவார்ட்டர், மனைவியிடம் வேலை முடியவில்லை என்று போனில் பொய்.

மே 21

மனைவி எழுதச் சொன்னதை எழுதுகிறேன், அவருக்கும் இங்கே பங்கு உண்டு.

சொன்னபோது அவர் கத்தவில்லை. "எத்தனை? எப்போது போன் செய்தீர்கள்?" என்று கேட்டு, தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாளைக் கிழிக்காமல் அதிலேயே குறித்துவைத்தார். அடுத்த நாள் மத்தியானம் கத்தினார். நான், "இப்படிப் பேசினால் எனக்கு அவமானம் அதிகமாகும்" என்று ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார். "எனக்குக் கோபம் வரக்கூடாது என்று உங்கள் கவுன்சிலர் சொன்னாரா? தண்ணீர் பிடிக்க மூன்று வருடம் அடுத்த தெருவுக்குப் போனேனே, அது யாருடைய அவமானம்?"

எனக்கு அது தெரியாது. எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வரும். குழாயடியில் யாரும் என்னைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்திருக்கிறார்.

ஆகவே மார்ச்சில் எழுதியதைத் திருத்துகிறேன் தம்பி. நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள், அதில் மாற்றம் இல்லை. கோபப்படாதீர்கள் என்று சொன்ன மாதிரி ஒரு தொனி இருந்தது, அதை எடுத்துக்கொள்கிறேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: நீ இன்ன நாள் இன்னது செய்தாய், எனக்கு இப்படி வலித்தது. நீ இப்படிப்பட்டவன் என்று மட்டும் போகாதீர்கள்.

சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் குடிநோய்க்கான சிகிச்சையைத் தொடங்கியது, கணவரை அந்த நோய்க்குப் பறிகொடுத்த பிறகுதான். அடையாறில் அது இன்னும் நடக்கிறது. வீட்டார் மறைத்துவைக்கிற நோய் என்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தவர் அவர்.

மகள் இன்னொரு ஆய்வையும் அனுப்பினாள். 2012இல் வந்தது, ஜேசன் லுவோமாவும் மற்றவர்களும் செய்தது. 28 நாள் சிகிச்சை இல்லம் ஒன்றில் 133 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சைக்கு நடுவில் ஆறு மணி நேரம் மட்டும் அவமானத்தோடு பழகுவதற்கான குழுப் பயிற்சி. அதை விரட்டாமல், வரும்போது பார்த்து, அதோடேயே அடுத்த வேலையைச் செய்வது. இல்லத்தில் இருந்தபோது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குத்தான் அவமானம் சீக்கிரம் குறைந்தது. நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்கள் குறைவாகப் போதையைத் தொட்டிருந்தார்கள், சிகிச்சைக்கும் அதிகம் வந்திருந்தார்கள். மெதுவாகக் குறைந்ததுதான் நிலைத்தது. உங்கள் தம்பிக்கு ஐந்து வாரத்தில் முகம் தெளியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் தப்பு இல்லை.

ஜூன் 9

கல்யாணத்துக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. மூலக்கடைப் பக்கம் அவ்வளவு பெரிய மண்டபம் இருப்பது எனக்குத் தெரியாது.

நீங்கள் பந்தியில் ஓடிக்கொண்டிருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். எட்டரை மணிக்கு மாமா முறைக்காரர் ஒருவர் தம்பியின் தோளில் கைபோட்டு, கார் பக்கம் வா என்று அழைத்தார். தம்பி, "நான் நிறுத்திவிட்டேன் மாமா. மூன்று மாதம் சிகிச்சையில் இருந்தேன்" என்றார். குரல் நடுங்கியது. மாமாதான் கையை எடுத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு நாங்கள் இருவரும் வெளியே வந்து டீக்கடையில் ஒன்பதே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். தங்கை கல்யாணத்தில் பாதியில் எழுந்து வந்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். பாயசம் உங்கள் அம்மா தூக்கில் போட்டு அனுப்பினார்கள்.

ஜூன் 15

தடைக்காலம் நேற்றோடு முடிந்தது. நள்ளிரவில் படகுகள் கிளம்பின. நான் பிரித்து மாட்டிய எஞ்சின்கள் அத்தனையும் ஒழுங்காகப் பிடித்தன. அந்தப் பை கொடுத்த உரிமையாளரிடம் போய், இனிமேல் கூலி மட்டும் போதும், நான் குடிநோயாளி என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் அண்ணனும் அப்படித்தான் போனான் என்றார்.

இன்று மாலை உங்கள் தம்பி கூட்டத்துக்கு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். முடிந்த பிறகு மடித்த தாளை எடுத்து, இடப்பக்கம் எழுதியிருந்த முதல் வரியை என்னிடம் மட்டும் படித்துக் காட்டினார். அது என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள், உங்களிடமே ஒரு நாள் வருவார்.

பக்கத்து அறையில் அதே நேரத்தில் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் நடக்கிறது. என் மனைவி போன ஞாயிறிலிருந்து போகிறார். அடுத்த வாரம் தம்பியோடு நீங்களும் வாருங்கள். ஆறரை மணி.